சிமேக்கின் கீழெல்லையும் மேலெல்லையும்: ஒரு பராமரிப்பாளரின் மதிப்பீடு

மூலக்கோப்புகளிலிருந்து ஓடக்கூடிய நிரலை உருவாக்க உதவும் சிமேக் என்னும் பில்ட் கருவியை, ஒரு சிறிய திறந்த மூலத் திட்டத்தைப் பராமரிப்பவன் என்ற நிலையிலிருந்து மதிப்பிட விரும்புகிறேன். அதன் எல்லா வசதிகளையும் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எந்தப் பதிப்புக்குக் கீழே உள்ள கருவியை எங்கள் நிரல் ஏற்காது என்று ஒரு திட்டம் தன் முதல் வரியிலேயே அறிவிக்கிறதல்லவா, அந்த வரியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ‘சிமேக் மினிமம் ரிக்குவயர்ட்’ என்று தொடங்கும் அந்த வரியைப் பெரும்பாலானோர் வேறொரு திட்டத்திலிருந்து பிரதி செய்து ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதில் உள்ள இலக்கம் யாருடைய கணினியில் நிரல் கம்பைல் ஆகும், யாருடையதில் ஆகாது என்பதைத் தீர்மானிக்கிறது என்பது முதல் முறைப்பாடு வரும்வரை உறைப்பதில்லை.

எங்கள் நிரல், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுவது. கோயில் திருவிழா மலர்கள், பாடசாலை வினாத்தாள்கள், சங்கங்களின் கூட்ட அறிக்கைகள் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாமினியிலேயே முடங்கிக் கிடக்கும் கோப்புகளுக்குக் குறைவில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017 ஆம் ஆண்டுத் தரத்தில் எழுதப்பட்ட இந்த நிரலுக்குப் பங்களிப்பவர்கள் மட்டக்களப்பு நகரிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். அவர்களுள் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களும் உண்டு, தனியார் பயிற்சி நிலையங்களில் கணினி கற்பிப்பவர்களும் உண்டு.

இவர்களுடைய கணினிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பதிப்பு எல்லை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரு தவறான ஊகத்தில் தொடங்குகின்றன. பழைய கணினி வைத்திருப்பவரிடம் பழைய கருவியும், புதிய கணினி வைத்திருப்பவரிடம் புதிய கருவியும் இருக்கும் என்பதே அந்த ஊகம். எங்கள் அனுபவத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. இரண்டாம் கைக்கு வாங்கிய, 32 பிட் செயலி கொண்ட ஒரு மடிக்கணினியில் ஒரு மாணவர் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறார். அதனுடன் வரும் சிமேக் 3.25.1 ஆகும். ஆனால், அதைவிடப் பலமடங்கு வலுவான கணினிகள் வரிசையாக இருக்கும் ஒரு பயிற்சி நிலைய ஆய்வுகூடத்தில் இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்புத்தான் ஓடுகிறது, அதன் சிமேக் 3.16.3. ஒருமுறை நிறுவி, பாடத்திட்டம் அதில் ஓடுகிறது என்று உறுதிப்படுத்திய பின் அந்தக் கணினிகளில் எவரும் கைவைப்பதில்லை. கைவைத்தவரே அடுத்த நாள் வகுப்புக்குப் பொறுப்பாளி ஆகிவிடுவார் என்பதால் அந்தத் தயக்கமும் நியாயமானதே. ஆகவே, மிகப் பழைய கருவி எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் வறியவர்களின் மடிக்கணினிகளை அல்ல, நிறுவனங்களின் ஆய்வுகூடங்களைப் பார்க்க வேண்டும்.

உபுண்டு 20.04 க்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிவடைந்துவிட்டது. அதை இனியும் ஏன் சுமக்க வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஒரு சாரார் கேட்டார்கள். 22.04 இல் சிமேக் 3.22.1 உம், 24.04 இல் 3.28.3 உம் இருக்கின்றன. கல்முனையிலிருந்து பங்களிக்கும் நண்பர் 24.04 பாவிப்பவர் என்பதால் கீழெல்லையை 3.28 ஆக வைத்துவிடலாம் என்று முன்மொழிந்தார். இந்த இடத்தில்தான் கருவியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது.

அந்த முதல் வரி உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சிமேக் குறிப்பிட்ட பதிப்பைவிடப் பழையதாக இருந்தால் உடனே நிறுத்திவிடுவது முதலாவது வேலை, 3.22 அல்லது அதற்கு மேல் வேண்டும், உங்களிடம் இருப்பது 3.16.3 என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நிற்கும். இரண்டாவது வேலை அவ்வளவு வெளிப்படையானதல்ல. சிமேக்கின் நடத்தை காலப்போக்கில் மாறும்போது, பழைய திட்டங்கள் உடைந்துவிடாமல் இருப்பதற்காக ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பாலிசி இலக்கம் கொடுக்கப்படுகிறது. முதல் வரியில் உள்ள பதிப்புவரை அறிமுகமான பாலிசிகள் எல்லாம் புதிய நடத்தைக்கு மாறும், அதற்குப் பின் வந்தவை பழைய நடத்தையிலேயே இருக்கும். அதாவது, யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்கும், எந்தக் காலத்து வழக்கப்படி நடப்பது என்ற கேள்விக்கும் ஒரே இலக்கம் விடையளிக்கிறது.

பாலிசி இலக்கம் 0077 ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எங்கள் நிரலுக்குள் பிறர் எழுதிய ஒரு சிறிய நிரலகத்தை (லைப்ரரி) மூலக்கோப்புகளாகவே சேர்த்து வைத்திருக்கிறோம். அதன் பரிசோதனைகள் எங்களுக்குத் தேவையில்லை என்பதால், எங்கள் கோப்பில் ஒரு சாதாரண மாறி மூலம் அவற்றை ‘ஓஃப்’ ஆக்குகிறோம். பழைய நடத்தையில், அந்த நிரலகத்தின் ‘ஒப்ஷன்’ கட்டளை முதல் தடவை ஓடும்போது நாங்கள் வைத்த மாறியை அழித்துவிட்டுத் தன் சொந்த இயல்புநிலையைக் கொண்டுவரும். 3.13 இல் வந்த இந்தப் பாலிசியின் புதிய நடத்தையில், மேலேயுள்ள திட்டம் சொன்னது மதிக்கப்படும். அந்த நிரலகத்தின் முதல் வரியில் 3.13 ஐவிடக் குறைந்த இலக்கம் இருக்கும்வரை, புத்தம் புதிய சிமேக்கை ஓட்டினாலும் பழைய நடத்தையே கிடைக்கும். நடத்தை எப்போதும் அறிவிக்கப்பட்ட இலக்கத்தையே பின்பற்றுகிறது, நிறுவப்பட்ட பதிப்பை அல்ல. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த ஒரு கருவி இவ்வளவு பழைய திட்டங்களைத் தாங்கி நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம், இதற்காக அதன் வடிவமைப்பாளர்களைத் தாராளமாகப் பாராட்டலாம்.

ஆயினும், இரண்டு கேள்விகளுக்கு ஒரே விடை என்பதன் விளைவாகப் பல திட்டங்கள் புதிய நடத்தை வேண்டும் என்பதற்காகவே கீழெல்லையை உயர்த்திக்கொண்டு போயின. அப்படி உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் பழைய கருவி வைத்திருப்பவர் காரணமின்றி வெளியே தள்ளப்படுகிறார். 3.12 இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையில் மூன்று புள்ளிகள் வைத்து, 3.16...3.31 என்பதுபோல ஒரு வீச்சாக எழுதலாம். 3.16 உள்ளவர் உள்ளே வரலாம், புதிய சிமேக் வைத்திருப்பவருக்கு 3.31 வரையான பாலிசிகளின் புதிய நடத்தை கிடைக்கும். 3.12 க்கு முந்திய கருவிகள் மேலதிகப் புள்ளிகளைப் பதிப்பு இலக்கத்தின் பகுதிகளைப் பிரிக்கும் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு, மேலெல்லையைக் கவனிக்காமல் கடந்துவிடும்படியாகவே இந்த எழுத்துமுறை தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது. சிறிய விடயமானாலும், இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

கல்முனை நண்பரின் முன்மொழிவுக்கு விடை இங்கேயே கிடைத்தது. அவருக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி மேலெல்லையை உயர்த்துவதால் கிடைத்துவிடும். கம்பைல் தெரிவுகளை முன்கூட்டியே எழுதிவைக்கும், 3.19 இல் வந்த ‘பிரீசெட்’ கோப்புகள் போன்றவற்றுக்கும் கீழெல்லையை உயர்த்தத் தேவையில்லை, ஏனெனில் பழைய சிமேக் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. பிரீசெட் பாவிப்பவர் பாவிக்கலாம், மற்றவர் வழமைபோல இரண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம். கீழெல்லையை உண்மையிலேயே உயர்த்தக் கோரும் வசதி எது, கோராத வசதி எது என்று பிரித்துப் பார்த்தால், உயர்த்த வேண்டிய தேவை நினைத்ததைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற் குறை பாரதூரமானது. நீங்கள் அறிவித்த கீழெல்லைக்கு உட்பட்டே எழுதுகிறீர்களா என்பதைச் சிமேக் ஒருபோதும் சரிபார்ப்பதில்லை. முதல் வரியில் 3.16 என்று எழுதிவிட்டு, பத்தாவது வரியில் 3.23 இல் மட்டுமே வந்த ஒரு வசதியைப் பாவித்தாலும், உங்களிடம் 3.28 இருக்கும்வரை கருவி வாய்திறக்காது. எங்களுக்கு வந்த ஒரு திருத்தத்தில், தலைப்புக் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக ‘ஃபைல் செட்’ என்ற வசதி பாவிக்கப்பட்டிருந்தது. எழுதியவரின் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. ஆய்வுகூடத்தில் 3.16.3 உள்ள கணினியில் ஒரு மாணவி அதை ஓட்டியபோது, ‘ஃபைல் செட்’ என்ற பெயருடைய மூலக்கோப்பைக் காணவில்லை என்று எரர் வந்தது. பழைய கருவிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. ஆகவே அதையும் ஒரு கோப்பின் பெயராகவே எடுத்துக்கொண்டு, திட்டத்தின் அடைவுக்குள் தேடத் தொடங்கிவிட்டது. “சேர், அந்தப் பெயரில் ஒரு கோப்பு விடுபட்டிருக்கிறது போல” என்று அவர் அறிவித்தார், எரரை வாசித்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். பதிப்புப் பிரச்சினை என்பதற்கான தடயம் அந்தச் செய்தியில் எங்குமே இல்லை.

இந்த விடயத்தில் மேசன் என்னும் போட்டிக் கருவி தெளிவாக முன்னிற்கிறது. மேசனிலும் திட்டத்தின் முதல் வரியில் தேவையான பதிப்பைக் குறிப்பிடலாம். ஆனால், அந்தப் பதிப்புக்குப் பின் வந்த வசதி ஒன்றைப் பாவித்தால், இந்தத் திட்டம் இன்ன பதிப்பை இலக்காகக் கொண்டுள்ளது, இந்த வசதியோ இன்ன பதிப்பில்தான் வந்தது என்று அது உடனே எச்சரிக்கிறது. எழுதுபவரின் கணினியிலேயே தவறு வெளிப்பட்டுவிடுவதால், அக்கரைப்பற்றில் இருக்கும் ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேசனுக்குப் பைதன் வேண்டும் என்பதும், உபுண்டு 20.04 இல் உள்ள அதன் பதிப்பு 0.53.2 என்பதும் அதன் பக்கத்துக் குறைகள். எங்கள் திட்டத்தைப் புதிதாகத் தொடங்குவதாயிருந்தால் மேசனையே தெரிவுசெய்திருப்பேனா என்றால், இந்த ஒரு வசதிக்காகவே தீவிரமாக யோசித்திருப்பேன். இருக்கும் திட்டத்தை மாற்றுவது வேறு கதை.

சிமேக் எச்சரிக்காத நிலையில், அந்த வேலையை நாங்களே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கான வழி எளிது. ஒவ்வொரு திருத்தத்தையும் கீழெல்லைப் பதிப்பிலேயே ஒரு தடவை கம்பைல் செய்து பார்ப்பதே அது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப், திருத்தங்களைத் தானாகப் பரிசோதிக்கத் தரும் தன் உபுண்டு 20.04 கணினிகளை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆயினும், பைதன் மொழியின் நிறுவல் கருவியான பிப் மூலம் சிமேக்கின் பழைய பதிப்புகளையும் இலக்கம் குறிப்பிட்டு இறக்கிக்கொள்ளலாம் என்பதால், பரிசோதனைக் கோப்பில் ஒரேயொரு வரியைச் சேர்த்து 3.16 ஐ அங்கே கொண்டுவந்துவிட்டோம். பரிசோதிக்காத கீழெல்லையை அறிவிப்பதைவிட அறிவிக்காமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பிப் வழி எதிர்த்திசையிலும் உதவுகிறது. நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமலேயே, மாணவர் தன் சொந்தக் கணக்குக்குள் புதிய சிமேக் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். இறக்க வேண்டியதும் 30 எம்பிக்கு உட்பட்டதுதான், முற்கொடுப்பனவு டேட்டாவில் வாழ்பவர்களுக்கும் இது தாங்கக்கூடிய அளவு. டெபியன் 12 உம் உபுண்டு 24.04 உம் தனிச்சூழல் ஒன்றை உருவாக்காமல் பிப் நேரடியாக நிறுவுவதை மறுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றில் உள்ள சிமேக் போதுமான அளவு புதியது. தேவைப்படும் இடத்தில் வழி திறந்தும், தேவையற்ற இடத்தில் மூடியும் இருப்பது ஒரு நல்ல தற்செயல்.

இதே பிப் தான் எங்களை இரண்டாவது பிரச்சினைக்குள்ளும் இழுத்துவிட்டது. இலக்கம் குறிப்பிடாமல் நிறுவினால் மிகப் புதிய பதிப்பு, அதாவது சிமேக் 4 வரும். 2025 மார்ச் மாதத்தில் வெளிவந்த 4.0, 3.5 க்கு முந்திய பதிப்புகளுக்கான ஒத்திசைவை முற்றாக நீக்கிவிட்டது. எங்கள் திட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சிறிய நிரலகத்தின் முதல் வரி 2.8.12 என்று இருந்தது. 3.16 இல் அது சிரமமின்றி ஓடியது, 3.31 இல் எச்சரிக்கையோடு ஓடியது, 4.0 இல் ஓட மறுத்துவிட்டது. பழைய கருவியிலிருந்து தப்புவதற்காகப் புதியதை நிறுவிய மாணவர், அளவுக்கு மீறிப் புதிய கருவியில் போய் மாட்டிக்கொண்டார்.

சிமேக் 4 இன் இந்த முடிவைப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். என் பார்வையில் முடிவு சரி. 3.5 வெளிவந்தது 2016 இல், 3.27 தொடக்கம் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அத்துடன், ‘சிமேக் பாலிசி வேர்ஷன் மினிமம்’ என்ற மாறிக்கு 3.5 என்று பெறுமானம் கொடுத்து ஓட்டினால், நிரலகத்தின் கோப்பைத் தொடாமலேயே தற்காலிகமாகக் கடந்துவிடலாம். நிலையான தீர்வோ இன்னும் எளிது. பழைய முதல் வரியின் இலக்கத்துக்குப் பின்னால் மூன்று புள்ளிகளும் 3.10 என்ற மேலெல்லையும் சேர்த்தால் போதும், கீழெல்லை இருந்த இடத்திலேயே இருக்கும், சிமேக் 4 உம் ஏற்றுக்கொள்ளும். நிரலகத்தின் பராமரிப்பாளருக்கு அந்த ஒருவரித் திருத்தத்தை அனுப்பிவிட்டு, எங்கள் பிரதியிலும் அதையே செய்தோம். குறை சொல்வதானால், எரர் செய்தியைப் பற்றிச் சொல்லலாம். அது எந்த அடைவில் உள்ள கோப்பு என்பதைக் காட்டுகிறதே தவிர, அது உங்களுடையதா, நீங்கள் உள்ளே சேர்த்துக்கொண்ட பிறருடையதா என்று ஒரு புதியவர் பிரித்தறிவதற்கு அது உதவுவதில்லை. மாணவர்கள் எங்கள் முதல் வரியை மாற்றிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று எழுதியது இதனால்தான்.

ஆவணங்களைப் பொறுத்தவரை சிமேக்குக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்ற குறிப்பு உண்டு. ஒரு திருத்தத்தைச் சரிபார்க்கும்போது அந்தக் குறிப்பே எங்கள் முதல் துணை. அதைவிட முக்கியமாக, இணையம் இல்லாமலேயே டெர்மினலில் ‘ஹெல்ப் பாலிசி’ என்ற தெரிவோடு பாலிசி இலக்கத்தைக் கொடுத்தால், அதன் முழு விளக்கமும் திரையில் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் மாறிமாறிப் போகும் வாகரைப் பக்கத்தில் இருந்து வேலை செய்பவருக்கு இது பெரிய விடயம்.

மற்றக் கருவிகள் இதே கேள்விக்கு வேறு விடைகள் வைத்திருக்கின்றன. ஜாவா, ஆண்ட்ரொய்ட் உலகில் வழங்கும் கிரேடில், ‘ராப்பர்’ (உறை) என்னும் சிறு நிரல் மூலம் ஒவ்வொரு திட்டமும் கேட்கும் பதிப்பைத் தானே இறக்கிக்கொள்கிறது. கீழெல்லை விவாதமே எழாது, ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் நூறு எம்பிக்கு மேல் டேட்டா போகும். பழைய ஓட்டோகொன்ஃப் முறையில், வெளியீட்டுப் பொதிக்குள் ‘கொன்ஃபிகர்’ என்ற நிரல் முன்கூட்டியே தயாரித்து வைக்கப்படுவதால், கம்பைல் செய்பவரிடம் அந்தக் கருவி இருக்கவே வேண்டியதில்லை. டேட்டாச் செலவைப் பார்த்தால் அந்தப் பழைய முறைதான் எங்கள் பகுதிக்கு மிகப் பொருத்தமானது என்று சில வேளைகளில் தோன்றும், அதன் எம்4 மொழியை ஒரு தடவை திறந்து பார்க்கும்வரை.

பில்ட் கருவியின் எல்லையையும் கம்பைலரின் எல்லையையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிமேக்கை மாணவர் ஒருவர் சில நிமிடங்களில் புதுப்பித்துக்கொள்ளலாம், கம்பைலரை அவ்வாறு முடியாது. உபுண்டு 20.04 இன் கம்பைலரான ஜிசிசி 9, 2017 ஆம் ஆண்டுத் தரத்துக்குப் போதும். 2020 ஆம் ஆண்டுத் தரத்தின் ‘ஃபோர்மட்’ நிரலகம் வேண்டுமானால் ஜிசிசி 13 வரை ஏற வேண்டும், அது 24.04 இல்தான் இயல்பாக வருகிறது. லினக்ஸ் கேர்னலும் தன் ஆவணங்களில் தேவையான கருவிகளின் கீழெல்லைகளை ஓர் அட்டவணையாகவே வைத்திருக்கிறது. 2021 இல் ஜிசிசி 5.1 என்று வைத்த எல்லையை 2025 இல் வெளிவந்த 6.16 இல்தான் 8.1 ஆக உயர்த்தினார்கள், நீண்டகால ஆதரவுள்ள, ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 8 இல் இருப்பதும் ஜிசிசி 8 தான். எல்எல்விஎம் போன்ற மாபெரும் கம்பைலர் திட்டமே சிமேக் 3.20 ஐ மட்டும் கேட்டுக்கொண்டு ஓடும்போது, பாமினியை மாற்றும் ஒரு சிறு நிரல் 3.28 கேட்பது வேடிக்கையாக இருக்கும் என்று கல்முனை நண்பரிடம் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எங்கள் முதல் வரியில் இப்போது இருப்பது 3.16...3.31. ஃபைல் செட் பாவித்த திருத்தத்தைப் பழைய முறையில் நாலைந்து வரிகளாக விரித்து எழுதிச் சேர்த்துக்கொண்டோம், வசதி குறைந்தாலும் 3.16 இல் ஓடுகிறது. நிறுவல் குறிப்பில் பிப் கட்டளையைப் பதிப்பு இலக்கத்தோடு சேர்த்தே எழுதியிருக்கிறோம். ஒரு சிறிய குழு, கலவையான கணினிகள், மட்டுப்படுத்தப்பட்ட டேட்டா என்ற நிலையில் உள்ள எவருக்கும், கீழெல்லையை நீங்கள் பரிசோதிக்கும் பதிப்பில் நிறுத்தி, மேலெல்லையைத் தாராளமாக உயர்த்தி, சிமேக்கைப் பாவிக்கலாம் என்றே பரிந்துரைப்பேன். அறிவித்த எல்லையை மீறும்போது எச்சரிக்கும் வசதி மேசனில் இருப்பதுபோல ஒன்று வரும்வரை, ஐந்துக்கு நான்குக்கு மேல் கொடுக்க மனம் வராது.

3.31 இலிருந்து 3.10 க்குக் கீழான ஒத்திசைவுக்கும் எச்சரிக்கை வரத் தொடங்கிவிட்டது என்பதால், பிறருடைய நிரலகங்களை உள்ளே வைத்திருப்பவர்கள் அவற்றின் முதல் வரிகளை இப்போதே தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் கீழெல்லையைப் பொறுத்தவரை, அந்த ஆய்வுகூடத்தின் கணினிகளுக்கு 24.04 நிறுவப்படும் நாளில் அதை 3.22 ஆக உயர்த்துவோம். பொறுப்பாளர் இந்த ஆண்டு இறுதி விடுமுறையில் என்று சொல்லியிருக்கிறார், சென்ற ஆண்டும் அதையேதான் சொன்னார்.